அறுபத்து நாலாவதாக நின்ற செய்தி

எழில்மொழி என்று பெயர் சொல்லி விசாரித்தால் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ரமாபாய் மகள், கம்ப்யூட்டர்காரி என்று கேட்டால் போதும், மூன்றாவது பிளாக்கின் முதல் மாடி வரைக்கும் கூடவே வந்து, வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அப்படி ஒரு காலம் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து மழைக்கு முன்னால்.

அவள் எழுதிய மென்பொருளைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் தண்ணீர் லாரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சுற்றி வளைக்கிறேன் என்று சலித்துக்கொள்ள வேண்டாம், அவளே அங்கிருந்துதான் ஆரம்பித்தாள்.

அந்தப் பிளாக்குகளுக்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வரும். எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. காலை பத்து மணிக்கும் வரும், சாயங்காலம் நாலு மணிக்கும் வரும், வராமலும் போகும். அதற்காகக் காத்துக்கொண்டு நின்றால் கூலி வேலைக்கு யார் போவது? அதனால் அங்கே ஒரு வழக்கம். விடிந்ததும் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். ரமாபாய் ராயபுரத்தில் ஐஸ் கம்பெனிக்குப் போய்விடுவாள், இன்னொருத்தி பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். லாரி வரும்போது யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள், இருக்கிறவர்கள் குடம், இல்லாதவர்கள் குடம் என்று பார்க்காமல், வரிசை கலையாமல் நிரப்பி அந்தந்த வீட்டு வாசலில் வைப்பார்கள். வரிசையில் குடம்தான் நிற்கும், ஆள் நிற்க வேண்டியதில்லை. குடத்துக்கு அடையாளம் உண்டு. ரமாபாயின் ஆரஞ்சுக் குடத்துக்குக் கழுத்தில் நீலப் பெயின்ட்டில் ஒரு வளையம்.

எழில்மொழிக்குப் பத்து வயதிருக்கும்போது, வட்டச் செயலாளரின் ஆள் ஒருவன் ஒரு பெரிய டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து வரிசையின் தலைமாட்டில் நிறுத்தினான். யாரும் வாயைத் திறக்கவில்லை. ரமாபாய் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் காய்ச்சலில் கிடந்தவள், போர்வையோடு இறங்கி வந்து அந்த டிரம்மைத் தரதரவென்று இழுத்துக் கடைசியில் கொண்டுபோய் விட்டாள். அவன் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினான்.

"இன்னா வேணா சொல்லிக்கோ நைனா. இங்க பெரிய கொடம், சின்ன கொடம்னு ஒண்ணும் கெடயாது. வந்த வரிசைல தான் ரொம்பும்" என்றாள் ரமாபாய்.

அவ்வளவுதான் சொன்னாள். டிரம் கடைசியிலேயே நின்றது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கு அந்த நிமிஷம் நெஞ்சில் பதிந்துபோனது. படித்த படிப்பெல்லாம் அதற்கு மேல்தான் ஏறி உட்கார்ந்தது.

அண்ணன் ஜெயவேலுக்குப் படிப்பு ஏறவில்லை. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை, தங்கைக்காகத் தியாகம் செய்தேன் என்று பீற்றிக்கொண்டதும் இல்லை. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு இருந்தது. துறைமுகத்தில் இறங்குகிற கன்டெய்னர்களை அங்கே கொண்டுவந்து அடுக்குவார்கள். அந்த அடுக்குகளின் மேல் ஏறி, கூரையில் ஓட்டை விழுந்திருக்கிறதா, தார்ப்பாய் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்கிற வேலை ஜெயவேலுக்கு. நாலு கன்டெய்னர் உயரத்தில் சாவகாசமாக நடப்பான். கீழே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால்தான் கால் நடுங்குகிறது என்பான்.

எழில்மொழி டிப்ளமா முடித்து, பெரம்பூரில் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பதில் யார்டில் ஒரே ரகளை. அங்கே ஒரு பெரிய புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டிலிருந்து கிரேனைக் கேட்பார்கள், கிரேன் பதில் சொல்லும்வரை கேட் காத்திருக்கும். கிரேன் எடைமேடையைக் கேட்கும், எடைமேடை பதில் சொல்லும்வரை கிரேன் காத்திருக்கும். எடைமேடைக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் யார்டே படுத்துக்கொள்ளும். எண்ணூர் சாலை நெடுக டிரெய்லர்கள் நிற்க, டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்கிச் சாப்பிட்டார்கள். ஜெயவேல் நேராக மேனேஜர் வரதனிடம் போனான். "என் தங்கச்சி பார்ப்பா சார். ஒரு தபா கூப்ட்டுப் பாருங்க" என்றான்.

அவள் கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி வந்தாள். ஒரு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. யார்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு வரதனிடம் சொன்னாள்:

"சார், இங்க எல்லாரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துகினு நிக்கிறாங்க. அது வேணாம். ஆளாளுக்கு ஒரு செய்திப் பெட்டி குடுத்துடலாம்."

அதுதான் தண்ணீர் வரிசை. கேட்டுக்கு ஒரு பெட்டி, எடைமேடைக்கு ஒரு பெட்டி, ஒவ்வொரு கிரேனுக்கும் ஒரு பெட்டி. சொல்ல வேண்டியதைச் செய்தியாக எழுதி அடுத்தவன் பெட்டியில் போட்டுவிட்டு உன் வேலையைப் பார். பதிலுக்குக் காத்து நிற்காதே. அவனுக்கு முடிகிறபோது, பெட்டியில் வந்து விழுந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்துச் செய்வான். ஒன்றை முடித்துப் பொத்தானை அழுத்தினால் அது அழிந்து, அடுத்தது திரைக்கு வரும். அடுத்தவன் பெட்டியை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, ஆபீஸே ஆனாலும் சரி. ஒரு கிரேனின் கம்ப்யூட்டர் விழுந்தால் அது மட்டும் விழட்டும், மற்றவை ஓடட்டும். விழுந்தது எழுந்து வரும்போது அதன் பெட்டியில் இருந்த செய்திகள் ஒன்று குறையாமல், வரிசை கலையாமல் அப்படியே காத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காரர்கள் இதே வழியில் எழுதுகிறார்கள் என்று பிறகு ஏதோ ஒரு புத்தகத்தில் படித்து அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்கள் ஊரிலும் தண்ணீர் லாரி வரும்போல என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு வருஷம் எழுதினாள். ஓட ஆரம்பித்த மாதமே டிரெய்லர் வரிசை சாலையிலிருந்து காணாமல் போனது. மேலே ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு கைக்கருவி கொடுத்தார்கள், செங்கல் அளவு இருக்கும். மேலே ஏறுமுன் 'ஆள் மேலே, நிறுத்து' என்ற பொத்தானை அழுத்தினால் அந்தக் கன்டெய்னர் வரிசைக்கான கிரேனின் பெட்டிக்குச் செய்தி போய்விடும். போய் விழுந்ததும் கைக்கருவி பீப் என்று ஒரு சத்தம் கொடுக்கும்.

"பீப் வந்தாப் போதும்ணா. அங்கயே நின்னுகினு இருக்காத, மேல ஏறி வேலயப் பாரு" என்று அண்ணனுக்கு அவளே கற்றுக்கொடுத்தாள்.

அதற்கு முன்பு கீழே ஒருவன் சிவப்புக் கொடியும் விசிலுமாக நிற்பான். கருவி வந்ததும் கம்பெனி கொடிக்காரர்களை நிறுத்திவிட்டது. எழில்மொழிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

இரண்டு பேர் அவளிடம் இரண்டு விஷயம் கேட்டார்கள். ஒருவர் வரதன். பெரிய கப்பல் கம்பெனிகளின் செய்திகளை மட்டும் முன்னால் தள்ளிவிட ஒரு வழி வை என்றார். அவள் முடியாது என்றாள். இன்றைக்கு ஒருத்தனை முன்னால் விட்டால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள், கடைசியில் நிற்கிறவன் கடைசியிலேயே நிற்பான் சார் என்று படம் போட்டு விளக்கினாள். வேலையே போனாலும் இதை மாற்ற மாட்டேன் என்றாள். வரதன் முறைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது ரமாபாய்க்குப் பெருமை பிடிபடவில்லை, பிளாக் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

இன்னொருவர் மதார் சாகிப், தண்டையார்பேட்டைக்காரர், ஏழாம் வரிசையின் கிரேன் ஓட்டுநர். கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, அந்த ஸ்டாப்பு மட்டும் சட்டுனு முந்தி வந்தா நல்லாருக்கும் இல்ல?"

"ஒங்க பெட்டில மூணு மெசேஜுக்கு மேல எப்ப நின்னுகீது பாய்? வந்ததும் வந்துடும்" என்றாள் எழில்மொழி.

அவள் சொன்னது பொய்யில்லை. மென்பொருள் ஓடிய அந்த நாலு வருஷத்தில் அந்தப் பெட்டியில் மூன்றுக்கு மேல் நின்றதே இல்லை. வரதனை ஜெயித்த மிதப்பில் இருந்தாள் அவள். ஒரு விதிக்கு ஒரு விலக்குகூடக் கூடாது என்கிற பிடிவாதம் கண்ணை மறைத்துவிட்டது. இல்லையென்றால் மதார் சாகிப் கேட்டது வரதன் கேட்ட மாதிரி இல்லை என்பது அவளுக்கா புரியாது?

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் மழை பேய் மழையாகக் கொட்டியது. துறைமுகத்தில் நாலு நாள் வேலை நின்றது. ஐந்தாம் நாள் திறந்ததும் நாலு நாள் கன்டெய்னர்கள் ஒரே நாளில் யார்டுக்குள் நுழைந்தன. கேட்டில் இருந்தவர்கள் தட்டித் தட்டிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், அவர்கள்தான் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லையே. மதார் சாகிப்பின் பெட்டியில் இதை எடு, அதை அங்கே வை என்று அறுபத்து மூன்று வேலைகள் நின்றன. அவருக்குத் திரையில் தெரிந்தது அப்போதைய ஒன்று மட்டும்தான்.

காலை பதினொன்றரைக்கு ஏழாம் வரிசையின் மேல் கிழிந்த தார்ப்பாயைக் கட்ட ஜெயவேல் ஏறினான். பத்து நிமிஷத்தில் கிரேன் தூக்கிக்கொண்டு வந்த கன்டெய்னர் அவனை இடித்துத் தள்ளியது. நாலு அடுக்கு உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விழுந்தான். கைக்கருவி சுக்குநூறாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. முப்பத்திரண்டு வயது. நீலாவைக் கட்டி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது, எதிர் பிளாக்கில் குடியிருந்தார்கள்.

பிரேதப் பரிசோதனை முடிந்து மறுநாள் மத்தியானம்தான் உடம்பு வந்தது. அதற்குள் யார்டில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. கிரேன் திரைக்கு 'நிறுத்து' வரவே இல்லை, ஆகவே அவன் பொத்தானை அழுத்தாமலேயே ஏறியிருக்கிறான். வரதன் மாலை கொண்டுவந்து வைத்துவிட்டு, எழில்மொழியைத் தனியே அழைத்து இதைத் தணிந்த குரலில் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். தான் எழுதியதில் ஒரு செய்தியும் தொலையாது, ஒரு பெட்டியிலும் மூன்றுக்கு மேல் நிற்காது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியென்றால் அண்ணன்தான் அழுத்தவில்லை. மழை, அவசரம், மறந்துவிட்டான்.

அழுது அழுது குரல் போயிருந்த நீலாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே, அந்த வார்த்தையைச் சொன்னாள் பாவி.

"ஏன் அண்ணி அண்ணன் இப்டி பண்ணுச்சு? ஒரு தபா அமுக்கிட்டு ஏறியிருந்தா இது ஆயிருக்காதே."

நீலா திரும்பிப் பார்த்தாள். "அவரு அமுக்காம ஏற மாட்டாரு" என்றாள். "நீ சொல்லிக் குடுத்த அன்னிலேர்ந்து ஒரு நாளும் ஏறுனதில்ல. வூட்ல மாடிக்கு ஏறும்போது கூட வாயால பீப்புன்னுட்டு தான் ஏறுவாரு எழிலு."

எழில்மொழி நம்பவில்லை. துக்கத்தில் இருக்கிறவளிடம் என்ன வாதாடுவது என்று எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டாள்.

கீழே தண்ணீர் லாரி வந்திருந்தது. முந்தின நாள் மழையில் லாரி வரவில்லை, முந்தின நாள் காலையில் வைத்த குடங்கள் வைத்த இடத்திலேயே நின்றன. முப்பத்தைந்தோ முப்பத்தாறோ தள்ளி ஒரு பச்சைக் குடம். ஜெயவேல் வேலைக்குப் போகிற வழியில் தன் கையால் வைத்துவிட்டுப் போன குடம் அது. வரிசையருகே நின்ற பெண்களில் ஒருத்தி அதைக் கண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து எடுத்து முன்னால் இருந்தவளிடம் கொடுத்தாள். அவள் அடுத்தவளிடம் கொடுத்தாள். கைமாறிக் கைமாறி அது வரிசையின் தலைக்குப் போய் முதலில் நிரம்பியது. பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டுமல்லவா? அந்தத் தண்ணீரைத்தான் ஜெயவேலின் தலையில் ஊற்றினார்கள். பௌத்த வழக்கப்படி பஞ்சசீலம் சொல்லி, நீலக்கொடி போர்த்தி, சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.

அந்தக் குடம் கைமாறிப் போனதை அவள் பார்த்தாள். என்னவோ உறுத்தியது. என்னவென்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

நாலாம் நாள் காலையில் போலீஸ் அனுமதி கொடுத்து ஏழாம் வரிசைக் கிரேன் மறுபடி ஓடியது. மதார் சாகிப்பை ஸ்டேஷனில் ஒரு நாள் உட்காரவைத்து விட்டிருந்தார்கள். ஆள் பற்றாக்குறை, தப்பு செத்தவன்மேல்தானே என்று கம்பெனி அவரையே ஏற்றிவிட்டது. எழில்மொழியும் ஆபீசுக்கு வந்திருந்தாள், வீட்டில் நீலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மத்தியானம் ஒரு மணி இருக்கும். வாசலில் மதார் சாகிப் நின்றார். தாடி மழிக்காத முகம் வெளுத்துக் கிடந்தது.

"இன்னா பாய்?"

"கொஞ்சம் மேல வாம்மா" என்றார்.

கிரேன் ஏணியில் அவர் பின்னாலேயே ஏறினாள். அந்தச் சின்னக் கண்ணாடி அறையில் திரை மினுங்கிக்கொண்டிருந்தது. நாலு நாளாக நின்றுபோயிருந்த வேலைகளைக் காலையிலிருந்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அறுபத்து மூன்றும் முடிந்திருந்தன. அறுபத்து நாலாவது இப்போது திரையில் நின்றது.

வரிசை ஏழு. ஆள் மேலே. நிறுத்து. ஜெயவேல். 11.31.

கிரேன் நின்றது, கம்ப்யூட்டர் அணைந்தது, போலீஸ் வந்தது, ஆளைப் புதைத்தாகிவிட்டது. அவள் எழுதியபடியே ஒரு செய்தியும் தொலையவில்லை, வரிசையும் கலையவில்லை. அண்ணன் அழுத்தியிருக்கிறான். பீப் வந்திருக்கிறது. தங்கச்சி சொன்னபடி நிற்காமல் மேலே ஏறியிருக்கிறான். அவன் செய்தி அறுபத்து மூன்று கன்டெய்னர்களுக்குப் பின்னால் தன் முறைக்காக நாலு நாள் காத்திருந்துவிட்டு இப்போது வந்திருக்கிறது.

அப்போதுதான் அந்தப் பச்சைக் குடம் அவளுக்குப் புரிந்தது. சாவு வீட்டுக் குடம் வரிசையில் நிற்காது. பிரசவ வீட்டுக் குடமும் நிற்காது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏழாம் வகுப்பு படிக்கும்போது, மாடி வீட்டில் ஒருத்திக்கு வலி எடுத்தபோது, அவளே ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடியிருக்கிறாள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி அது. டிரம்மைக் கடைசிக்கு இழுத்துவிட்ட அதே ரமாபாய்தான் அந்தக் குடங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பவளும். வாய்விட்டுச் சொன்ன விதியை எழுதினாள் மகள். சொல்லாததை விட்டுவிட்டாள். கண்ணாடி அறையின் தரையில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையை மதார் சாகிப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

"ஓகே அமுக்கிட்டா இது அழிஞ்சிடும் இல்லம்மா?" என்று கேட்டார் அவர். "என் கையி போவல. அதான் ஒன்னக் கூப்ட்டேன்."

"அமுக்காதீங்க பாய். இன்ஸ்பெக்டர் வரட்டும்."

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. அதற்குள் வரதனுக்கு விஷயம் எட்டிவிட்டது. மூச்சிரைக்க ஏணி ஏறி வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், பயந்த மனிதர்.

"எழில், நல்லா யோசிச்சுக்கோ. இது வெளிய வந்தா கம்பெனி ஒம்மேலதான் கை காட்டும். முன்னால விடுறதுக்கு வழி வைன்னு நான் கேட்டேன், நீதான் முடியாதுன்ன. அதுக்கு இங்க நாலு பேர் சாட்சி இருக்காங்க. இதுக்கப்புறம் நீ எழுதுறத எவன் தொடுவான்? போன உயிர் திரும்பி வருமா?"

"வராது சார்."

"அப்புறம் என்ன? ஒரு பட்டன். அவ்வளவுதானே."

"அமுக்காம ஏறுனான்னு எங்கண்ணன் பேர்ல எழுதி வச்சிருக்கீங்களே சார், அது?"

அவள் திரைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். இன்ஸ்பெக்டர் வரும்வரை நின்றாள். மதார் சாகிப் தன் இருக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. யாராவது மின்சாரத்தை நிறுத்தினால்கூடப் பரவாயில்லை, கம்ப்யூட்டர் எழுந்து வரும்போது அந்தச் செய்தி அங்கேயேதான் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மழைக்கு ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்த அந்த இன்ஸ்பெக்டர் ஏணியில் ஏறி வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை இரண்டு முறை படித்தார். நேரத்தைக் குறித்துக்கொண்டார். "அவர் அழுத்தியிருக்காரே" என்றார்.

"அமுக்கினாரு சார். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. பாய் மேலயும் இல்ல. இது வரிசைல பின்னால நின்னுச்சு. அந்த வரிசைய எழுதினது நான்தான்."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி" என்றாள்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பிறகு எழுதினார். கம்பெனி எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையில் ஜெயவேல் தகவல் தராமல் ஏறினான் என்ற வாசகத்தை அடித்துவிட்டு, தகவல் தந்தபின் ஏறினார் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். கொடிக்காரர்களை ஏன் நிறுத்தினீர்கள் என்று வரதனிடமும் கேட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் பகலில் உட்கார்ந்து மென்பொருளைத் திருத்தினாள். 'நிறுத்து' என்ற செய்திக்கு மட்டும் தனி வழி, அது எதற்குப் பின்னாலும் நிற்காது. கிரேனில் இருப்பவர் படித்துப் பொத்தானை அழுத்திய பிறகுதான் மேலே ஏறுகிறவன் கையில் பீப் கேட்கும். பன்னிரண்டே வரி. அண்ணன் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் பன்னிரண்டு வரிதான் இருந்திருக்கிறது. எழுதி முடித்த அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவையும் நீலாவையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை.

"சாவு வூட்டுக் கொடத்த முன்னால வுடணும்னு உனக்கு நான் சொல்லவே இல்லியே" என்றாள் ரமாபாய். "இதெல்லாம் கூட சொல்லணுமான்னு இருந்துட்டேன்."

நீலா கேட்டது இரண்டே கேள்விதான்.

"அமுக்குனாரா?"

"அமுக்குனாரு அண்ணி."

"பீப்பு வந்துச்சா?"

"வந்துச்சு."

"நான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள் நீலா. முந்தானையை உதறி எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மன்னிச்சிடு அண்ணி என்று எழில்மொழி படி வரைக்கும் பின்னால் போனாள். நீலா திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவளோடு பேசவும் இல்லை.

எழில்மொழி இரண்டு வருஷம் எந்த வேலைக்கும் போகவில்லை. பிறகு அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். இப்போதும் செய்திப் பெட்டிகள்தான் எழுதுகிறாள். புதிதாக எதை ஆரம்பித்தாலும் முதலில் அந்தப் பன்னிரண்டு வரியை எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவாள். ஏன் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால், அவசரத்துக்கு என்று மட்டும் சொல்வாள்.

பிளாக்கில் இன்னும் லாரித் தண்ணீர்தான். நீலா ஆயத்த ஆடைக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். காலையில் பச்சைக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு விடுமுறை, இருந்தாலும் எழில்மொழி இருக்கிறாள் என்று தெரிந்தால் கீழே இறங்க மாட்டாள். அன்றைக்கு லாரி வந்தால் எழில்மொழிதான் அந்தக் குடத்தை, அதன் முறை வந்ததும் நிரப்பி, எதிர் பிளாக்கின் படியேறித் தூக்கிக்கொண்டு போகிறாள். வாசலில் இறக்கிவைத்துவிட்டுக் கதவைத் தட்டி, "அண்ணி, தண்ணி வச்சிருக்கேன்" என்கிறாள்.

வழக்கப்படி அத்தோடு திரும்பிவிடலாம். குடத்தை வைத்ததோடு நிரப்பியவளின் வேலை முடிந்தது, யாரும் அதற்கு மேல் நிற்பதில்லை. எழில்மொழி பதிலுக்குக் காத்து நிற்கிறாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தமும் நீலாவின் இருமலும் கேட்கும். கதவு திறக்காது. கால்மணி, அரைமணி, சில நாள் அதற்கும் மேல் அந்தக் குடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள். கீழிருந்து ரமாபாய் கூப்பிடும்போதுதான் இறங்கி வருகிறாள்.